பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவே லிஸ் ஃபேர்

பரீட்சையில் பூஜ்யம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பேப்பரில் எதையாவது கிறுக்கி வைத்தாலே, திருத்துகிறவர் மனமிரங்கி இரண்டு மூன்று மார்க்காவது போட்டுவிடுவார். பூஜ்யம்தான் வேண்டும் என்றால் வெற்றுத்தாளை நீட்ட வேண்டும். இல்லையென்றால், திருத்துகிறவருக்கு உங்கள் மேல் ஏதோ சொந்தக் கடுப்பு இருக்க வேண்டும்.

2003 ஜூனில் அமெரிக்கப் பாடகி லிஸ் ஃபேர் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். மொத்தம் 14 பாட்டு. பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் அதற்குப் பத்துக்கு 0.0 போட்டது. அந்த விமர்சனத்தை எழுதிய மாட் லீமே, 2019இல் எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டார். 2021இல் பிட்ச்ஃபோர்க் தன் பழைய மார்க்குகளில் சிலவற்றைத் திருத்தியபோது, இதே ஆல்பத்துக்கு 6.0 கிடைத்தது. இடைப்பட்ட 18 வருடத்தில் ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. அப்புறம் அந்த ஆறு எங்கிருந்து வந்தது? முதலில் அது எங்கே போயிருந்தது?

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது துரோகம். இன்னொரு கட்சிக்கு இது காலம் புரிந்துகொள்ளாமல் விட்ட பொக்கிஷம். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. நாலு பாட்டு பிரமாதம், ஆறேழு சுமார், மிச்சம் தேறாது என்பதுதான் என் கணக்கு. இந்த ரகத்தில் வருஷா வருஷம் எத்தனையோ ஆல்பங்கள் வருகின்றன, போகின்றன, யாரும் கண்டுகொள்வதில்லை. லிஸ் ஃபேருக்கு மட்டும் சுமாராக ஓர் ஆல்பம் போட்டுவிட்டுப் போகும் சலுகை கிடைக்கவில்லை. அது ஏன் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

படுக்கையறையிலிருந்து புறப்பட்ட கேசட்

லிஸ் ஃபேர் பிறந்தது 1967இல். வளர்ந்தது சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் வின்னெட்கா என்ற வசதியான ஊரில். ஓபர்லின் கல்லூரியில் கலை வரலாறு படித்தார். ராக் பாடகியாகப் போகிறோம் என்ற திட்டமெல்லாம் அவருக்கு இருந்த மாதிரி தெரியவில்லை. 1991இல் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி வந்தவர், தன் அறையில் ஒரு நாலு டிராக் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, கிட்டாரும் குரலுமாகப் பாட்டுகளைப் பதிந்தார். ‘கேர்லி சவுண்ட்’ என்று பெயர் வைத்து இரண்டு மூன்று நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் நகலெடுத்து அவரவர் நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று கேசட் ஊர் சுற்றியது. நியூயார்க்கின் மேட்டடார் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்தது.

1993 ஜூனில் ‘எக்ஸைல் இன் கைவில்’ வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1972 ஆல்பமான ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’டுக்குப் பாட்டுக்குப் பாட்டு பதில் சொல்கிறேன் என்று கிளம்பி, அதிலிருக்கும் அதே 18 எண்ணிக்கையில் பாட்டுகளை அடுக்கினார். இந்தப் பதில்களெல்லாம் கச்சிதமாகப் பொருந்துகின்றனவா என்று ரசிகர்கள் இன்றுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பொருந்துகிறதோ இல்லையோ, அந்தத் துணிச்சலைக் கவனியுங்கள். ராக் இசையின் ஆண்மை மிதப்புக்கே கோயில் கட்டிய மாதிரி இருக்கும் ஓர் ஆல்பம். மேடையேறிப் பாடவே பயப்படுகிற 26 வயதுப் பெண் ஒருத்தி, அதைக் கையில் எடுத்து வரிசையாக மறுமொழி சொல்கிறாள்.

‘கைவில்’ என்பது சிகாகோவின் விக்கர் பார்க் பகுதியில் இருந்த, பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி ராக் வட்டாரத்துக்கு ஏறக்குறைய பட்டப்பெயர். அர்ஜ் ஓவர்கில் என்ற உள்ளூர்க் குழுவின் பாட்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ஊரில் குடியிருப்பவர்கள் எல்லாம் பையன்கள். யாரிடம் எந்த ரெக்கார்டின் முதல் பதிப்பு இருக்கிறது, எந்தக் குழு விலைபோய்விட்டது, எது கேட்கத் தக்கது, எது தகாதது என்பதையெல்லாம் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். ‘ஹெல்ப் மீ மேரி’ பாட்டில், தன் வீட்டுக்குள்ளேயே வந்து ஆக்கிரமித்துக்கொள்ளும் ஆண்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் வருகிறாள். ஐந்தடி இரண்டங்குலம் இருக்கும் லிஸ் ஃபேர், ஆறடி ஓரங்குலம் இருக்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிறேன் என்று பாடுவதோடுதான் ஆல்பமே தொடங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டைப் படம் எடுக்கப்பட்டது ரெயின்போ கிளப் என்ற சிகாகோ மதுக்கடையில் இருந்த போட்டோ பூத்தில். அதற்கு உடனிருந்து உதவியவர் அதே அர்ஜ் ஓவர்கில் குழுவின் நாஷ் கேட்டோ. கைவில்லைத் திட்டும் ஆல்பத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்ததும் கைவில்காரர்தான்.

ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ‘டைவர்ஸ் சாங்’ கேட்டுப் பாருங்கள். ஒரு ஜோடி காரில் நெடுந்தூரம் போகிறது. தங்குமிடத்தில் தனித்தனி அறை எடுக்கலாமா என்று ஒருத்தர் கேட்டுவிடுகிறார். அங்கிருந்து சண்டை வளர்கிறது. பெரிய துரோகமோ கண்ணீரோ இல்லை. லைட்டர் எங்கே என்ற அளவிலான சில்லறைப் பேச்சுகளிலேயே ஓர் உறவு அவிழ்ந்துபோகிறது. குரல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கணக்குச் சொல்வது மாதிரி ஒரு தட்டையான குரல். தயாரிப்பாளர் பிராட் வுட், அவருடைய கிட்டாரையும் குரலையும் நடுவில் வைத்து, டிரம்ஸையும் பேஸையும் அளவாகத்தான் சேர்த்திருக்கிறார். அறை காலியாக இருக்கிற மாதிரி ஒரு சத்தம் கிடைக்கிறது. அந்தக் காலியிடத்தில்தான் அவர் சொல்லும் சங்கடமான விஷயங்கள் வந்து உட்கார்கின்றன. உடலுறவைப் பற்றி அதுவரை ராக் இசையில் ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த பாஷையில் அவர் பேசினார். தலைப்பை இங்கே எழுத முடியாத ஒரு பாட்டு அதில் இருக்கிறது. கேட்டால், அடியில் இருப்பது ஒரு சாதாரணக் காதலுக்கான ஏக்கம்தான் என்பது தெரியும்.

வில்லேஜ் வாய்ஸ் இதழ் வருடந்தோறும் விமர்சகர்களிடம் நடத்திவந்த பாஸ் அண்ட் ஜாப் வாக்கெடுப்பில் 1993இன் முதலிடம் இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. 1974இல் ஜோனி மிட்செலின் ‘கோர்ட் அண்ட் ஸ்பார்க்’ வென்ற பிறகு ஒரு பெண்ணின் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்தது அப்போதுதான். 2020இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் இதற்கு 56ஆம் இடம்.

விலைபோய்விட்டார் என்று முதலில் சொன்னது எப்போது?

2003இல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் குற்றச்சாட்டு ஒன்பது வருடம் மூத்தது.

‘கைவில்’ வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருக்கும். 1994 ஜனவரியில் சிகாகோ ரீடர் பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் ஸ்டீவ் ஆல்பினி. நிர்வாணா குழுவின் ‘இன் யூட்டரோ’வை முந்தைய வருடம் பதிவு செய்திருந்த பெரிய கை, இண்டி உலகத்தின் மனசாட்சி என்று பேரெடுத்தவர். அந்தப் பத்திரிகையின் விமர்சகர் லிஸ் ஃபேரையும், ஸ்மாஷிங் பம்ப்கின்ஸையும், அர்ஜ் ஓவர்கில்லையும் பாராட்டி எழுதியிருந்தார். அதைப் படித்து எகிறிக் குதித்த ஆல்பினி, இந்த மூவரும் ரசிகர்களிடமும் பத்திரிகைகளிடமும் குழைந்து காரியம் சாதிப்பவர்கள் என்று அச்சில் ஏற்றவே கூசும் வசவுகளோடு எழுதித் தள்ளினார்.

கவனியுங்கள். இன்று எல்லோரும் நேர்மையின் உரைகல்லாகத் தூக்கிப் பிடிக்கும் அதே ‘கைவில்’தான் அன்று போலி என்று திட்டு வாங்கியது. பத்து வருடம் கழித்து, ‘அந்த கைவில் எங்கே, இந்தக் குப்பை எங்கே’ என்று அதையே எடுத்து அவர் தலையில் அடித்தார்கள். கம்பு அதேதான், பிடித்த கை மட்டும் வேறு.

2003க்குப் போகும் வழி

1994இல் ‘விப்-ஸ்மார்ட்’ வந்தது. பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 27ஆம் இடத்தில் நுழைந்தது. ரோலிங் ஸ்டோன் அட்டையில் லிஸ் ஃபேர் படம் வந்தது. அடுத்து கல்யாணம், 1996 கடைசியில் மகன் பிறந்தது, 1998இல் ‘ஒயிட்சாக்லேட்ஸ்பேஸ்எக்’ ஆல்பம், 2001இல் விவாகரத்து. இதற்குள் மேட்டடாருக்கும் கேப்பிட்டல் என்ற பெரிய கம்பெனிக்கும் இருந்த கூட்டு முடிந்துபோய், இவர் கேப்பிட்டல் பக்கமே நின்றுவிட்டார்.

அதாவது, ஒரு பெரிய கம்பெனியின் சம்பளப் பட்டியலில் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளையோடு தனியாக நிற்கும் முப்பத்தைந்து வயதுப் பெண். பாடலாசிரியர் மைக்கேல் பென்னோடும், ஆர். வால்ட் வின்சென்டோடும் பல பாட்டுகளைப் பதிந்தார். கேப்பிட்டல் தலைவர் ஆண்டி ஸ்லேட்டருக்குத் திருப்தி இல்லை. வானொலியில் ஓடும் பாட்டு எங்கே என்பதுதான் அவருடைய கவலை. அப்போதுதான் மேட்ரிக்ஸ் உள்ளே வந்தது.

மேட்ரிக்ஸ் என்பது லாரன் கிறிஸ்டி, கிரஹாம் எட்வர்ட்ஸ், ஸ்காட் ஸ்பாக் ஆகிய மூவர் கூட்டணி. 2002இல் 17 வயது அவ்ரில் லவீனுக்கு ‘காம்ப்ளிகேட்டட்’ செய்து கொடுத்தது அவர்கள்தான். அது அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அவர்கள் கைவண்ணத்தைக் காதாலேயே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். கிட்டார் அடுக்கடுக்காக இருக்கும், ஆனால் எதுவும் உறுத்தாது. சரணத்தில் அடக்கி வாசித்து, பல்லவி வந்ததும் கதவைப் படாரென்று திறந்துவிடுவார்கள். குரலின் சுருதியில் பிசிறு இருக்காது. லிஸ் ஃபேரின் குரலுக்கு அழகே அந்தப் பிசிறுதான் என்று நம்பியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

14 பாட்டில் மேட்ரிக்ஸ் செய்தது நாலே நாலு. ஆனால் பேச்சு முழுக்க அந்த நாலைச் சுற்றித்தான். குறுந்தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ‘கம் அண்ட் கெட் இட்’ என்ற ஐந்து பாட்டுத் தொகுப்பு ஒன்றைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வசதியும் வைத்திருந்தார்கள். பழைய லிஸ் ஃபேரைத் தேடியவர்கள் அதிலே கொஞ்சம் இளைப்பாறியிருக்கலாம்.

அடி விழுந்த வாரம்

ஆல்பம் வந்தது 2003 ஜூன் 24. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே நியூயார்க் டைம்ஸில் மேகன் ஓ’ரூர்க்கின் கட்டுரை வந்துவிட்டது. தலைப்பே ‘லிஸ் ஃபேர்ஸ் எக்ஸைல் இன் அவ்ரில்-வில்’. வாசித்துப் பார்க்காமலே விஷயம் புரிந்துவிடும். லிஸ் ஃபேர் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைக்குப் பதில் அனுப்பினார், அதுவும் குழந்தைக் கதை பாணியில். ‘வானம் இடிந்து விழுகிறது’ என்று ஊரைக் கூட்டும் கோழிக்குஞ்சாக விமர்சகரை அதில் உட்கார வைத்திருந்தார். கோபத்தில் எழுதியதா, சிரித்துக்கொண்டே எழுதியதா என்று சொல்ல முடியாத ஒரு கடிதம். எனக்கு அந்த ஆல்பத்தின் சில பாட்டுகளைவிட அது பிடிக்கும்.

பிட்ச்ஃபோர்க்கின் 0.0 இன்னொரு பக்கம். விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் கணக்கில் மொத்தச் சராசரி 40. விதிவிலக்குகளும் உண்டு. அமெரிக்க ராக் விமர்சனத்தின் மூத்த தலை ராபர்ட் கிறிஸ்ட்கௌ ‘ஏ’ கிரேடு கொடுத்தார். ஒரே ஆல்பம், ஒரே மாதம், ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் முதல் வகுப்பு. இதைப் பார்த்த பிறகாவது, மார்க் என்பது பாட்டுக்கு மட்டும் போடப்படுவதல்ல என்று சந்தேகம் வர வேண்டாமா?

பாவம், இவ்வளவு வசவுக்குப் பலனாகக் கோடி கோடியாகக் கொட்டியதா என்றால் அதுவும் இல்லை. ‘ஒய் கான்ட் ஐ?’ பாட்டு பில்போர்டு ஹாட் 100இல் 32ஆம் இடம் வரை வந்தது. அவர் பாட்டு ஒன்று முதல் நாற்பதுக்குள் வந்தது அப்போதுதான். ஆனால் ஆல்பம் எட்டிய உயரம் 27. ஒன்பது வருடம் முன்பு, இண்டி ராணியாக இருந்தபோது ‘விப்-ஸ்மார்ட்’ எட்டிய அதே 27. ஆன்மாவை விற்றார், விற்றார் என்கிறார்களே, வாங்கியவர்கள் பழைய விலைக்கு ஒரு பைசா கூடுதலாகத் தரவில்லை.

சரி, பாட்டு எப்படி?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 2003இல் பலர் கேட்காமல் விட்டதும் இதைத்தான்.

‘ஒய் கான்ட் ஐ?’யை எடுத்துக்கொள்வோம். மேட்டுக்குடிக் காதுகளுக்கு இது பள்ளிக்கூடத்துப் பெண்ணின் காதல் பாட்டு. அடுத்த வருடம் வந்த ‘13 கோயிங் ஆன் 30’ படத்தில் வேறு வந்துவிட்டதால் அந்த முத்திரை அழுந்தவே பதிந்துவிட்டது. வார்த்தைகளைக் கவனித்தால் கதை வேறு. இரண்டு பேருக்குமே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. இன்னும் எதுவும் நடந்துவிடவில்லை, நடக்கப் போகிறது என்று இருவருக்கும் தெரியும். கள்ள உறவு தொடங்குவதற்கு முந்தைய மூச்சுத் திணறல்தான் பாட்டு. வானொலிக்காக ஒரு வார்த்தையை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வார்த்தை இல்லாமல் பாட்டின் பாதி விஷயம் காணாமல் போய்விடுகிறது. வானொலியில் மட்டும் கேட்டவர்களுக்கு இனிப்பு மட்டுமே கிடைத்தது.

‘லிட்டில் டிகர்’ மேட்ரிக்ஸ் கைபடாத பாட்டு. அம்மாவின் புதுத் துணையை முதல் தடவை பார்த்துவிட்ட சின்னப் பையன், தன் பொம்மை லாரிகளை எடுத்து வரிசையாக வைக்கிறான். அப்பாவைப் பற்றி அவனிடம் எதை, எப்படிச் சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த லாரி வரிசை போதும். பையன் அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. அவனுடைய கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரே பொருளை ஒழுங்குபடுத்துகிறான். ‘டைவர்ஸ் சாங்’ எழுதிய அதே கண்தான் இதையும் பார்த்திருக்கிறது. பழைய லிஸ் ஃபேரைக் காணோம் என்று தேடியவர்கள் ஏழாவது பாட்டு வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தால் போதும்.

அப்புறம் ‘ராக் மீ’. மேட்ரிக்ஸ் செய்த நாலில் ஒன்று. தன்னைவிட இளைய ஒருவனோடு சுற்றுகிறாள் அந்தப் பெண். அவன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து எக்ஸ்பாக்ஸ் விளையாடுகிறார்கள். அவனிடம் ரெக்கார்டு சேகரிப்பு என்று ஒன்றும் கிடையாது. லிஸ் ஃபேர் யாரென்றும் அவனுக்குத் தெரியாது. அதுதான் அவளுக்கு அவனிடம் பிடித்ததே! கொஞ்சம் நின்று யோசியுங்கள். ரெக்கார்டு அலமாரியைக் காட்டி உபதேசம் செய்யும் பையன்களிடம் மாட்டிக்கொண்ட பெண்ணின் ஆல்பம் ‘கைவில்’. பத்து வருடம் கழித்து அலமாரியே இல்லாத ஒரு பையனைக் கண்டுபிடித்து, அப்பாடா என்று பெருமூச்சு விடுகிறாள். தன் புகழைத் தானே கிண்டலடித்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறும் பாட்டு இது. அலமாரி வைத்திருந்தவர்கள் சேர்ந்து அதற்குப் பூஜ்யம் போட்டது இயற்கைதான்.

பிடிக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஃபேவரிட்’ காதலனைப் பழைய உள்ளாடையோடு ஒப்பிடும் பாட்டு. முதல் தடவை சிரிப்பு வரும். மூன்றாம் தடவை கையே தானாக அடுத்த பாட்டுக்கு நகரும். ‘எச்.டபிள்யூ.சி.’ ஆணின் விந்தை முகப்பூச்சு மாதிரி கொண்டாடும் பாட்டு. அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஆனால் ஒன்று. ‘கைவில்’லில் வந்த ‘ஃப்ளவர்’ பாட்டில் இதைவிடப் பச்சையான வரிகள் உண்டு. 26 வயதில் சொன்னால் துணிச்சல் என்றார்கள். 36 வயதில், தாயான பிறகு சொன்னால் சங்கடப்பட்டார்கள். அந்த வருட விமர்சனங்கள் பலவற்றின் அடியிலும் ‘இந்த வயதில் இதெல்லாம் தேவையா’ என்ற முணுமுணுப்பு ஓடுகிறது. ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர் அந்த ஜூலையில் அறுபது வயதைத் தொட்டுக்கொண்டு மேடையில் இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் வயதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மற்றபடி ‘ஃபயர்வாக்கர்’, ‘ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ மாதிரியானவை காதுக்கு இதம். கேட்டு முடித்ததும் மறந்துபோகும். தொடக்கப் பாட்டு ‘எக்ஸ்ட்ராடினரி’யில் பளபளப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் பல்லவி நாள் முழுக்க வாயில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சீரோ என்ன செய்யும்?

இந்த ஆல்பத்தைச் சிலாகித்துப் பேசப்போய் என் நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆயிரக்கணக்கில் குறுந்தட்டு சேர்த்து வைத்திருப்பவர்.

“மச்சி, அதைப் போயா கேக்குற? பிட்ச்ஃபோர்க்ல சீரோ வாங்குன ஆல்பம்டா அது.”

“நீ கேட்டிருக்கியா?”

“எதுக்குக் கேக்கணும்? அதான் சீரோ போட்ருக்கான்ல!”

சிரிப்பு வந்தாலும், எண்ணின் வலிமை அதுதான். 700 வார்த்தையில் ஒரு கருத்து எழுதினால் அதோடு வாதாடலாம். 0.0 என்று போட்டுவிட்டால் வாதாட ஆளில்லை, வாசிக்கவும் ஆளில்லை. ஊர் ஊராக அந்த எண் மட்டும் போய்ச் சேரும்.

லிஸ் ஃபேருக்காவது பின்னால் கேப்பிட்டல் இருந்தது, வானொலி இருந்தது. அடுத்த வருடமே இன்னொருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டிஸ்மெம்பர்மென்ட் பிளான் குழு கலைந்த பிறகு, அதன் பாடகர் டிராவிஸ் மோரிசன் 2004இல் ‘டிராவிஸ்தான்’ என்று தனி ஆல்பம் போட்டார். அதற்கும் பிட்ச்ஃபோர்க் 0.0 போட்டது. சின்னக் கம்பெனி, கல்லூரி வானொலிகளையும் தனிக் கடைகளையும் நம்பி வெளியான ஆல்பம். எண்ணைப் பார்த்ததும் அவற்றில் சில பின்வாங்கிவிட்டன. அதே இதழ் முன்பு அவருடைய குழுவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். யாரென்றே தெரியாதவருக்குப் பூஜ்யம் போட யாரும் மெனக்கெடுவதில்லை. நம்மவர் என்று நினைத்திருந்தவர் நம் பேச்சைக் கேட்கவில்லை என்றால்தான் அந்த எண் வெளியே வருகிறது. மோரிசனும் ஃபேரும் வாங்கியது ஜாதி விலக்கு உத்தரவு. மதிப்பெண் என்பது அதற்குப் போட்ட வேஷம்.

ஆறு எப்படி வந்தது?

2004 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் கெலெஃபா சன்னே எழுதிய ‘தி ராப் அகெய்ன்ஸ்ட் ராக்கிசம்’ கட்டுரையை இந்தக் கதையில் தவிர்க்க முடியாது. கையால் கிட்டார் வாசித்து, சொந்தமாக எழுதி, வேர்க்க வேர்க்கப் பாடினால்தான் அசல், ஸ்டுடியோவில் கூட்டாகச் செய்யும் பாப் எல்லாம் போலி என்ற நினைப்பை அது கேள்வி கேட்டது. அடுத்த பத்து வருடத்தில் விமர்சனத்தின் காற்று மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது.

மெல்ல என்று சொன்னது சும்மா இல்லை. 2015இல் ரயன் ஆடம்ஸ், டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘1989’ ஆல்பத்தை முழுசாகத் தன் பாணியில் பாடி வெளியிட்டார். பிட்ச்ஃபோர்க் அந்த மறுபதிப்புக்கு விமர்சனம் எழுதியது. அசல் ‘1989’க்கு 2019 வரை எழுதவில்லை. பாட்டு ஒன்றுதான்; சோகமாகக் கிட்டார் வாசிக்கும் ஆண் பாடினால் பரிசீலனைக்கு உரியது, எழுதிய பெண் பாடினால் கணக்கிலேயே இல்லை. 2003இல் லிஸ் ஃபேரிடம் காட்டிய மூக்குச் சுளிப்பு எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2019 செப்டம்பரில், லிஸ் ஃபேரின் நினைவுக் குறிப்புகளான ‘ஹாரர் ஸ்டோரிஸ்’ வெளிவரவிருந்த சமயம், மாட் லீமே ட்விட்டரில் மன்னிப்புக் கேட்டார். 2003இல் அவர் கல்லூரி வயது இளைஞர். லிஸ் ஃபேர் பெருந்தன்மையோடு பதில் எழுதினார். 2021இல் 6.0 வந்தது. அதே வருடம், ‘கைவில்’ செய்த பிராட் வுட்டோடு மறுபடியும் சேர்ந்து ‘சோபரிஷ்’ என்ற ஆல்பத்தையும் அவர் கொண்டுவந்தார்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் இந்த மன்னிப்புக் காலத்தில் எனக்கு ஒரு நெருடல். பூஜ்யம் தப்பு என்று ஒப்புக்கொண்டதும், பலர் அந்த ஆல்பத்தை வீரச் செயலாக, காலத்தை முந்திய படைப்பாக, பெண்ணியப் பிரகடனமாக மாற்றப் பார்க்கிறார்கள். மறுபடியும் பாட்டைக் கேட்காமல் ஆளுக்கு மார்க் போடும் வேலைதான் நடக்கிறது. முன்பு துரோகி என்று தள்ளியவர்கள் இப்போது தியாகி என்று மாலை போடுகிறார்கள். நடுவில் இருக்கும் மனுஷி, தன் பாட்டு வானொலியில் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதற்காகக் கைதேர்ந்த ஆட்களோடு வேலை பார்த்தார், பாதி கிணறு தாண்டினார். அவ்வளவுதான் நடந்தது.

ஆண் பாடகர்களுக்கு இந்தச் சலுகை எப்போதும் உண்டு. நீல் யங் 1980களில் கம்ப்யூட்டர் குரலில் ஓர் ஆல்பம், பழைய ராக்கபில்லியில் ஓர் ஆல்பம் என்று போட்டுத் தள்ளினார். கம்பெனி அவர் மேல் வழக்கே போட்டது. இன்று அதையெல்லாம் ‘அவருடைய சோதனைக் காலம்’ என்று சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஒரு கலைஞருக்கு நீண்ட ஆயுள் என்றால் அதில் சறுக்கல்களும் சுமார்களும் இருக்கும், அடுத்ததைக் கேட்போம் என்ற பொறுமை அது. லிஸ் ஃபேருக்கு அந்தப் பொறுமையை யாரும் காட்டவில்லை. முதல் ஆல்பத்திலேயே உச்சம் தொட்டவர், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அதே உச்சியில் நின்று கையசைக்க வேண்டும், இல்லாவிட்டால் மலையே பொய் என்றார்கள்.

இதுவரை கேட்காதவர்கள் ‘கைவில்’லிலிருந்தே தொடங்குங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ‘6'1"’, ‘டைவர்ஸ் சாங்’, விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து சிகாகோவில் இறங்கும் ‘ஸ்ட்ராட்ஃபோர்ட்-ஆன்-கை’ மூன்றும் போதும், ஆளைத் தெரிந்துகொள்ள. பிறகு 2003க்கு வாருங்கள். ‘லிட்டில் டிகர்’, ‘ராக் மீ’, ‘ஒய் கான்ட் ஐ?’, ‘எக்ஸ்ட்ராடினரி’ இந்த நாலையும் வரிசை மாற்றிக் கேளுங்கள். வானொலிப் பதிப்பு வேண்டாம். மிச்சப் பத்தையும் பொறுமை இருந்தால் ஒரு தடவை ஓடவிடுங்கள். என் கணக்கில் மொத்தமாக ஐந்தரை தேறும். ஆறு கொடுத்தவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். நாலு என்று நீங்கள் சொன்னாலும் உட்கார்ந்து பேசலாம். பூஜ்யத்தோடு வருகிறவர்களிடம் மட்டும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: ஏழாவது பாட்டு வரை கேட்டீர்களா?